உலர்ந்த செடியும் ஒட்டிய சீட்டும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கொரொனாடோ தேசிய வனத்துக்குள் அடங்கும் துமகாகோரி மலைப்பகுதியில், மிளகளவே காய்க்கும் சில்டெபின் என்னும் காட்டு மிளகாய்க்காக 1999-இல் 2,500 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தனித் தாவரப் பகுதியாக ஒதுக்கப்பட்டது. ராமநாதபுரம் முண்டு மிளகாயும் அடங்கிய காப்சிகம் ஆன்னுவம் இனத்தின் மூதாதையாகக் கருதப்படும் இச்செடி, சோனோரா பாலைவனத்தின் விளிம்பான இங்கே தன் பரவலின் வடக்கு எல்லையை நெருங்குகிறது.

இத்தகைய செடி எங்கெல்லாம் வளர்ந்தது என்பதை அறிய முதலில் புரட்டப்படுபவை, ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகத்தின் தாள்கள். கிளையை அழுத்தி உலர்த்தித் தடித்த தாளில் ஒட்டி, சேகரித்தவர் பெயர், நாள், இடம், சூழல் ஆகியவற்றைக் குறித்த சீட்டையும் உடன் பதிப்பது இம்முறை. டூசான் நகரின் அரிசோனா பல்கலைக்கழகக் காப்பகத்தில் மட்டும் இவ்வாறு 4 லட்சத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகள் உள்ளன.

ஆயினும், பதிவுகளை எண்ணிச் செடியின் பெருக்கத்தை அளப்பது பிழையாகும். ஒரே நாளில் ஒரே இடத்தில் பறித்த கிளைகள் நகல்களாகப் பல காப்பகங்களுக்குப் போவதால் ஒரு சேகரிப்பு பல பதிவாகத் தோன்றும். சேகரிப்போர் பெரும்பாலும் பாதையை ஒட்டியே செல்வதால், பதிவில்லாத பள்ளத்தாக்கைச் செடியில்லாத பள்ளத்தாக்கு என்று கொள்ளவும் இயலாது. மலையின் பெயரை மட்டும் தாங்கிய பழஞ்சீட்டுக்குப் பின்னாளில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கணிக்கும்போது நேரும் ஒரு கிலோமீட்டர்ப் பிழைகூட, நிழல் படிந்த ஓடைக்கரைச் செடியை வெயில் காயும் பாறைச் சரிவில் நட்டுவிடும்.

எண்ணிக்கையைவிட மதிப்புடையது, செடி எந்தப் புதரின் அடியில் நின்றது என்று சீட்டில் எழுதப்படும் ஒரு வரியாகும். தெற்கு அரிசோனாவில் ஆய்ந்து ஜோஷுவா டியூக்ஸ்பரியும் கேரி நபானும் 2001-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியபடி, காரத்துக்குக் காரணமான காப்சைசின் என்னும் வேதிப்பொருள் விதையைக் கடித்தழிக்கும் எலிகளை விலக்க, காரம் உறைக்காத பறவைகள் பழத்தை விழுங்கி, விதையை முழுதாகவே எச்சத்தில் கழிக்கின்றன. அவை தங்கும் ஹேக்பெர்ரி போன்ற முட்புதர்களின் அடியில் விழும் விதைக்கு நிழலும் பனிக்காப்பும் ஒருங்கே கிடைக்கின்றன.

ஆகவே, விதையைக் குளிரறையில் சேமிப்பது மரபணுவைக் காக்குமேயன்றி, புதரும் பறவையும் மிளகாயும் சேர்ந்த இந்த உறவைக் காக்காது. அதற்கு வனமே காக்கப்பட வேண்டும். பழஞ்சீட்டு காட்டும் இடங்களுக்கு மீண்டும் சென்று, தேடியும் கிடைக்காததையும் நாளிட்டுக் குறித்துவைப்பது வனத்துறையின் வழக்கமான பணியாதல் வேண்டும். ஏனெனில், இல்லாமற்போன செடியைத் தாளில் ஒட்ட எவராலும் இயலாது.