பெரிய டயரும் மலிவு விலையும்

ஆஸ்டின் டவுனின் குறுகிய தெருக்களிலும் இப்போது உயரம் கூட்டிய ஜீப்புகள் நிற்கின்றன. பிள்ளைகள் ஆசைப்படுவதில் தவறில்லை. "மலிவாகப் பெரிய டயர்" தேடிக் கிளம்பும்போதுதான் பெற்றோர் விழித்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பார்ப்போம். 245/75 ஆர் 16 டயரின் விட்டம் சுமார் 774 மி.மீ. அதற்குப் பதில் 265/75 ஆர் 16 போட்டால் 804. வண்டி உயர்வது இதில் பாதி, வெறும் 15 மி.மீ. ஆனால் மீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் 83 ஆகிவிடும். ரயில் எஞ்சினில் சக்கரம் தேய்ந்து விட்டம் குறைந்தால், வேகமானியில் அதைத் திருத்திவிடுவோம். ஜீப்பில் யார் திருத்துகிறார்கள்? கனமான டயரை நிறுத்த பிரேக்குக்கும் கூடுதல் வேலை.

பழைய டயர் வாங்குவோர் பட்டனை மட்டும் பார்க்கிறார்கள். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும்.

சட்டமும் உண்டு. தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது.

ஆகவே என் கருத்து இதுதான்: பெரிய பழைய டயரைவிட, கையேட்டில் குறித்த அளவில், குறித்த பாரம் தாங்கும் புது டயரே சிக்கனம். நந்தி மலை இறக்கத்தில் பிள்ளையைக் காப்பது டயரின் உயரமல்ல, அதன் பிடிப்பு.