மக்களின் நண்பனும் தலைக் கணக்கும்

புரட்சியில் ஈடுபட்ட ஒருவர் ஏழையாக வாழ்ந்தார், தமக்கென எதுவும் சேர்த்திலர், பகைவர் கையால் மாண்டார் என்றால், அவர் செய்தவை அனைத்தையும் மன்னித்துவிட வேண்டும் என வாதிப்போர் எக்காலத்திலும் உளர். பிரெஞ்சுப் புரட்சியின் தீவிரவாதியான ழான் போல் மாராவுக்காகவும் இவ்வாதம் எழுப்பப்படுகின்றது. இதனை நாம் ஏற்க மறுக்கின்றோம்.

மாராவின் பெருமையை நாம் மறைக்க விரும்பவில்லை. அவர் கற்றறிந்த மருத்துவர். மன்னரின் தம்பியுடைய காவற்படைக்கு வைத்தியராயிருந்தவர். அவர் 1789 செப்டெம்பரில் 'மக்களின் நண்பன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். பணம் படைத்தோருக்கே வாக்குரிமை என்ற விதியை வன்மையாகக் கண்டித்தார். அதிகாரிகள் தேடியபொழுது நிலவறைகளில் ஒளிந்திருந்து எழுதினார். தோல் நோய் வருத்தவே, நீர்த்தொட்டியில் அமர்ந்தவாறும் எழுதினார். ஏழைகள் அவரைத் தம்மவர் எனக் கொண்டாடியதில் வியப்பில்லை.

ஆனால், அந்தப் பேனா எழுதியது என்ன? ஐந்நூறு அறுநூறு தலைகளை வெட்டி வீழ்த்தினால் அமைதியும் சுதந்திரமும் கிட்டும் என 1790 இல் எழுதியது. பின்னர் அக்கணக்கு ஆயிரக்கணக்காக வளர்ந்தது. 1792 செப்டெம்பரில் பாரிஸ் நகரச் சிறைகளுட் புகுந்தோர் சில நாட்களில் ஆயிரம் பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். மாண்டவர்களிற் பெரும்பாலோர் அரசியற் கைதிகளே அல்லர். சிறு திருடரும், கள்ள நோட்டடித்தோரும், சிறுவருங்கூட அவர்களுள் இருந்தனர். நாட்டின் ஏனைய பகுதிகளும் இவ்வழியைப் பின்பற்றுக எனச் செப்டெம்பர் 3 ஆம் தேதியிட்டு வெளிவந்த சுற்றறிக்கையில் மாராவின் பெயரும் காணப்பட்டது.

"பிரஷ்யப் படை பாரிஸை நோக்கி வந்துகொண்டிருந்ததே!" என்பர். உண்மை, வெர்டன் கோட்டை அப்பொழுதுதான் வீழ்ந்தது. அச்சத்திற்குக் காரணம் இருந்தது. ஆயின், சிறையிற் கிடந்த திருடனா பிரஷ்யப் படையை அழைத்தான்? துரோகி என்று ஒருவனுக்குப் பெயர் சூட்டிய பின் விசாரணை எதற்கு என்பவர்களை நாம் கேட்கின்றோம்: அந்த விசாரணைதானே மாராவையே காத்தது? 1793 ஏப்ரிலில் எதிர்க்கட்சியினரான ஜிரொண்டினர் அவர்மீது குற்றஞ் சாட்டினர். அவர் நீதிமன்றின் முன் நின்றார், தம் பக்கத்தை எடுத்துரைத்தார், விடுதலை பெற்றார். அந்த மன்றம் அவர்பால் அனுதாபங் கொண்டிருந்தது என்பது மெய்யே. எனினும், பேசுதற்கு அவருக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. செப்டெம்பரில் மாண்டவர்களுட் பலருக்கு அந்த வாய்ப்புக் கிட்டியதா?

1793 ஜூலை 13 ஆம் தேதி சார்லொட் கோர்டே என்னும் இளம்பெண் அவரைக் கத்தியாற் குத்திக் கொன்றாள். ஒருவனைக் கொன்று ஓரிலட்சம் பேரைக் காத்ததாக அவள் மன்றிற் கூறினாள். இதுவும் தலைக் கணக்கே! மாராவின் கணக்கை மாராவின்மீதே அவள் போட்டாள். அவளாலும் எவரும் காக்கப்படவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் ஜிரொண்டினத் தலைவர்கள் வெட்டுண்டனர். 1794 ஏப்ரிலில் டான்டன், ஜூலையில் ரொபேஸ்பியர். நேற்றுத் துரோகிப் பட்டஞ் சூட்டியவன் இன்று அதே பட்டத்தைச் சுமந்து மேடை ஏறினான்.

அப்படியாயின் ஏழை உழவனுக்கு விடிவு தந்தது எது? 1789 ஓகஸ்ட் 4 ஆம் நாள் இரவில் நிலப்பிரபுக்களின் உரிமைகள் ஒழிந்தன என்று பறைசாற்றினர். ஆனால், நிலத்தின்மீதிருந்த இறைகளைப் பணங்கொடுத்தே மீட்டல் வேண்டுமென விதித்தனர். கமக்காரர் பணியவில்லை. ஊர் ஊராக, ஆண்டுக்காண்டு, இறை செலுத்த மறுத்தனர். இறுதியில் 1793 ஜூலை 17 ஆம் தேதி, கோர்டே கொலைக்களம் சென்ற அதே நாளில், எஞ்சிய இறைகள் யாவும் நட்டஈடின்றி ஒழிக்கப்பட்டன. அவற்றுக்குரிய பத்திரங்களை எரிக்கவும் சட்டம் கட்டளையிட்டது. மாராவின் நண்பர்கள் ஓங்கியிருந்த மன்றமே அச்சட்டத்தை இயற்றியது என்பர். ஆம், ஆனால், அம்மன்றை அந்நிலைக்குத் தள்ளியது தலைகளின் பட்டியலன்று, இலட்சக்கணக்கான உழவர்களின் நீங்காத மறுப்பு.

தியாகம் ஒருவரின் நேர்மைக்குச் சான்றாகலாம். அவருடைய தீர்ப்புக்குச் சான்றாகாது. மக்களின் நண்பன் எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் எவனிடமும் மக்கள் முதலிற் கேட்க வேண்டிய வினா ஒன்றே: "நீ துரோகி என்று சுட்டுகின்றவன் வாய்திறந்து பேச இடமளிப்பாயா?" இதற்கு விடை தராதவன் எத்துணை ஏழையாக வாழினும், எத்துணைத் துன்பம் உழந்து மாளினும், அவன் கையில் நம் உயிரை ஒப்புவித்தல் தகாது.