உட்கார்ந்தே தேயும் கால்கள்

வணிகப் பெருமக்களாகிய நாம் காலையில் கல்லாவில் அமர்ந்தால் இரவு கணக்கு முடித்துத்தான் எழுகிறோம். சரக்கு எடுக்கப் பையன். மூட்டை இறக்க ஆள். வேலை கொடுக்காத தசையை உடல் பராமரிப்பதில்லை. புதிய புரதம் சேர்வது குறைந்து தசை இழைகள் மெலிகின்றன. வலி இராது, ஆகவே இந்த நட்டம் பேரேட்டில் ஏறாது. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நலமாயிருந்த முதியோர் 10 நாள் படுக்கையில் கிடந்ததற்கே கால்களில் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்தது. காய்ச்சலில் படுத்த பெரியவரை மாதக்கணக்கில் அன்பாய்க் கட்டிலில் போட்டுவைக்கும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும்.

கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? இன்றே பார்ப்போம். முடியாவிட்டால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, தினம் பத்து முறையாவது உட்கார்ந்து எழுவோம். மேல்தட்டுச் சோப்புக் கட்டை நாமே எடுத்துக் கொடுப்போம். பையன் சற்று நேரம் பில் போடட்டும்.