போத்தலில் வராத காவல்

தம்பலகாமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டனுப்பிய கேள்வி இது. வீடு வீடாக வரும் விற்பனைப் பெண் ஒருவர் "அன்ரிஒக்சிடன்ற்" என்று ஒரு குளிசைப் போத்தலைக் காட்டி, இதைப் போட்டால் களைப்புப் போகும், முதுமை தள்ளிப்போகும், புற்றுநோயும் அண்டாது என்கிறாராம். காசு கையில் இல்லாவிட்டால் தவணைக்கும் தருவாராம். வாங்கலாமா?

வாங்க வேண்டாம், தங்கச்சி. ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான். அந்தப் போத்தலில் எழுதியிருக்கும் பெயர் பொய்யல்ல. அப்படியொரு காவல் எமது உடம்பில் உண்மையாகவே இருக்கின்றது. அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகின்றேன்.

நாம் உண்ணும் சோற்றை ஒட்சிசனைக் கொண்டு எரித்துத்தான் உடம்பு சக்தி பெறுகின்றது. விறகு எரியும்போது பொறி பறப்பதுபோல இங்கும் பொறிகள் பறக்கின்றன. சுயாதீன மூலிகங்கள் என்று படித்தவர்கள் சொல்வது இவற்றைத்தான். இவை கலங்களின் சுவரையும், இரத்தக்குழாயின் உட்பக்கத்தையும், கலத்துக்குள் இருக்கும் பரம்பரை அலகுகளையும் கூடச் சுட்டுவிடும். வெட்டிவைத்த கத்தரிக்காய் கறுப்பதும் ஒட்சிசனின் வேலைதான். பொறியை அணைப்பதற்கு உடம்பு தானே சில பொருட்களைச் செய்துகொள்கின்றது. குளூற்றாதயோன் அதில் ஒன்று. நொதியங்கள் சிலவும் உண்டு. அவற்றுக்குத் துத்தநாகம், செம்பு, செலனியம் போன்ற கனியுப்புகள் கொஞ்சம் கொஞ்சம் தேவை. விற்றமின் சீயும் ஈயும் உணவோடு வந்து கைகொடுக்கின்றன. பொறி முழுக்க முழுக்கக் கெட்டதென்றும் சொல்வதற்கில்லை. கிருமிகளைக் கொல்ல வெண்குருதிக் கலங்கள் பாவிப்பதும் அதே பொறியைத்தான். ஆகவே காவலைக் கூட்டக் கூட்ட நல்லது என்ற கணக்குச் சரிவராது.

இதற்குப் பெரிய சாட்சி பின்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு. சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் 50க்கும் 69க்கும் இடைப்பட்ட வயதினர். கரட்டில் இருக்கும் பீற்றாகரோட்டினைக் குளிசையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பி, அவர்களில் ஒரு பகுதியினருக்கு 5 முதல் 8 வருடங்கள் அதைக் கொடுத்துவந்தார்கள். 1994இல் முடிவு வந்தது. குளிசை எடுத்தவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. கரட்டைச் சாப்பிடுவது வேறு, அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அளவுக்குமேல் விழுங்குவது வேறு. (கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து, போலிக் அமிலக் குளிசைகளை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றை ஒரு நாளும் விடக்கூடாது.)

இனி, எமது காவலைத் தினமும் தின்றுகொண்டிருப்பவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது புகை. தம்பலகாமம் கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் வயற்பூமி. அறுவடை முடிந்தால் நெல் அவிக்கும் வேலை பெண்களின் தலையில் விழும். அண்டாவுக்குக் கீழே உமியும் சருகும் புகைய, கண்ணைக் கசக்கிக்கொண்டு குந்தியிருப்பவர்கள் நாம். 2022இல் எரிவாயு கிடைக்காமல்போனபோது விறகடுப்புக்குத் திரும்பி, பிறகு விலைக்குப் பயந்து அதிலேயே நின்றுவிட்டவர்களும் இருக்கிறார்கள். விறகுப் புகையைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2010இல் வகைப்படுத்தியது. சிகரெட் பிடிப்பவருக்கு நாளொன்றுக்கு 35 மில்லிகிராம் விற்றமின் சீ கூடுதலாகத் தேவை என்பார்கள். புகை அவ்வளவைத் தின்றுவிடுகின்றது. அடுப்பை விட முடியாதுதான். ஆனால் விறகை நன்றாகக் காயவைக்கலாம். நெல் அவிப்பதை வெளியில், காற்று எந்தப் பக்கம் அடிக்கின்றதென்று பார்த்துச் செய்யலாம். இரண்டு பானை வைக்கக்கூடிய அனகி மண் அடுப்பு விறகையும் மிச்சம் பிடிக்கும். தீ மூட்ட மண்ணெண்ணெயில் தோய்த்த சொப்பிங் பையைச் செருகும் வழக்கத்தை மட்டும் இன்றைக்கே விட்டுவிடுங்கள். அந்தப் புகை மற்றெல்லாவற்றையும் விடக் கேடு.

இரண்டாவது, வெற்றிலை போடுவது. இதைச் சொன்னால் அம்மாமார் கோபிப்பார்கள். வெற்றிலை நல்லதுதானே என்பார்கள். வெற்றிலையில் நல்லது இருப்பது உண்மை. ஆனால் பாக்கோடு சுண்ணாம்பு சேர்ந்தவுடன் வாய்க்குள்ளேயே அந்தப் பொறிகள் உண்டாகத் தொடங்குகின்றன. புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய்க்குக் காரணம் என்று 2004இல் உறுதிசெய்துவிட்டார்கள். இரவில் பிள்ளைகளுக்குச் சோற்றைக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு வாய் வெற்றிலையோடு படுக்கும் தாய்மாரை எனக்குத் தெரியும். பசியை அடக்கத்தான் போடுகிறார்கள். அவர்களை ஏச எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்: மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் வைக்க முடிகின்றதா? முடியாவிட்டாலோ, கன்னத்தின் உட்பக்கம் வெள்ளைப் படலம் தெரிந்தாலோ, உறைப்புப் பட்டதும் எரிந்தாலோ பல் வைத்தியரிடம் போக நாள் பார்க்க வேண்டாம்.

மூன்றாவதைச் சொல்வதுதான் கடினம். நித்திரையின்மையும் மனப்பாரமும்.

2004இல் அமெரிக்காவில் எலிசா எபெல், எலிசபெத் பிளக்பேர்ன் ஆகியோர் 58 தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 39 பேர் நீண்டகால நோயுள்ள பிள்ளையை வைத்துப் பராமரிப்பவர்கள். தாங்க முடியாத பாரம் என்று உணர்ந்த தாய்மாரிடம் ஒட்சியேற்றச் சேதம் கூடுதலாக இருந்தது. கலத்தின் நிறமூர்த்தங்களுக்கு நுனியில் உள்ள காப்பும், குறைந்த பாரமுள்ளவர்களை விடப் பத்து வருடங்களாவது முதுமையடைந்ததுபோலக் குறுகியிருந்தது. அந்த நுனிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பிளக்பேர்ன் 2009இல் நோபல் பரிசும் பெற்றார்.

காணாமற்போனவரின் படத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றி இப்படி ஒருவரும் சோதித்ததாக நான் படித்ததில்லை. ஆனால் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, களைப்புத்தான்" என்று சொல்லும் சகோதரிகளுக்கு இதைச் சொல்ல விரும்புகின்றேன்: அந்தக் களைப்பு உங்கள் கற்பனையில்லை, சோம்பலும் இல்லை. பாரம் என்பது இரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய ஒன்று. அந்தத் தாய்மாரிலும் எல்லோருக்கும் ஒரே அளவு சேதம் இருக்கவில்லை. தனியே சுமக்கின்றேன் என்ற எண்ணத்தைக் குறைக்கும் எதுவும், ஒரு மணித்தியாலம் பிள்ளையைப் பார்க்க வரும் அயலக்காவும் கூட, மருந்துக்குச் சமம் என்று நான் நினைக்கின்றேன். நித்திரை வராமல் கிழமைக்கணக்காகிவிட்டால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கமில்லை. 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் பேசலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. அது உங்களுக்குத் தெரிந்த விடயம். நடுத்தரக் கொய்யா ஒன்றில் ஒரு நாளுக்குத் தேவையானதை விடக் கூடிய விற்றமின் சீ இருக்கின்றது. கீரையைக் கழுவிவிட்டு அரியுங்கள். அரிந்துவிட்டுக் கழுவினால் சத்துத் தண்ணீரோடு போய்விடும். முருங்கையிலை வறைக்குத் தேங்காய்ப்பூ போடுவது ருசிக்கு மட்டுமல்ல. அந்தக் கொழுப்பு இருந்தால்தான் இலையின் கரோட்டின் உடம்பில் சேரும். தேசிக்காயைச் சொதி இறக்கிய பிறகு பிழியுங்கள். குளூற்றாதயோன் செய்யப் புரதம் வேண்டும். பருப்பு, நெத்தலி, முட்டை, தயிர் என்று ஏதாவதொன்று உங்கள் கோப்பையிலும் இருக்கவேண்டும், பிள்ளைகளின் கோப்பையில் மட்டுமல்ல. பொரித்த எண்ணெயைக் கறுக்கும்வரை திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள். பிளேன்ரீயில் நல்ல சத்து உண்டு, ஆனால் சாப்பிட்ட கையோடு குடித்தால் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள், சீனியையும் குறையுங்கள்.

35 வயது கடந்தவர்களுக்காகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் பெண்களுக்கான சுகநலக் கிளினிக் நடக்கின்றது. இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் காசில்லாமல் பார்ப்பார்கள். உங்கள் பகுதியில் எந்த நாளில் நடக்கின்றதென்று மருத்துவமாதுவிடம் கேளுங்கள். போகும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.