கருவிக்கும் அடிமைப் பெயரா?

கல்லணைக் கால்வாயின் கடைமடையிலுள்ள பட்டுக்கோட்டை வட்டாரத்து உழவன், நீர் குறைந்த நாளில் முறை வைத்தே வயலுக்குப் பாய்ச்சுகின்றான். மதகு திறவாவிடில் அவன் வாய்க்காலில் நீரில்லை. ஆயினும், அவ்வாய்க்காலை மதகின் அடிமை என்று அவன் என்றேனும் சொன்னதுண்டா? தலைமதகு என்றான், கிளைவாய்க்கால் என்றான், இடமும் தொழிலும் கண்டு பெயரிட்டான். அஃதன்றோ தமிழ் மரபு!

மேலைநாட்டார் செய்ததென்ன? 1980-களில் மோட்டோரோலா நிறுவனம் வகுத்த எசு.பி.ஐ. எனும் தொடர்முறைச் செய்தித்தொடர்பில், துடிப்பு விடுக்கும் கருவியை ஆண்டான் என்றும், அத்துடிப்பிற்கேற்ப இயங்கும் கருவியை அடிமை என்றும் அழைத்தனர். அதனை அப்படியே பெயர்த்து நம் மாணவர்க்கு ஊட்டுவோரும் உளர்.

அப்பெயர் இழிந்தது மட்டுமன்று, பொருந்தாததும் ஆம். அக்கருவியை ஆய்ந்து பார்ப்பார்க்கு இது விளங்கும். அது தானாகத் துடிப்பு விடாது. ஆதலின் அதனைத் தனியே ஆய்தல் அரிது. துடிப்பு விடுக்கும் வேறொரு கருவி வேண்டும். இரண்டன் நிலக்கம்பிகளும் இணைந்திருத்தல் வேண்டும். துடிப்புமுறை நான்கனுள் இரண்டும் ஒன்றையே கொள்ளல் வேண்டும். விடையைத் துடிப்பு தொடங்குமுன்னரே பதிவகத்தில் இட்டுவைத்தல் வேண்டும். பின்னர்த் தெரிவுக்கம்பியைத் தாழ்த்தி, 11010010 எனும் எண்ணை விடுத்துப் பார்க்க. 01001011 என வரின் வரிசை தலைகீழ். ஓரிடம் நகர்ந்து வரின் பெரும்பாலும் துடிப்புமுறை பிழை.

எட்டுத் துடிப்பு முடிந்ததும் காண்பதென்ன? ஒன்றன் எட்டு இலக்கமும் மற்றதன்பால் சென்றிருக்கும். மற்றதன் எட்டும் இதன்பால் வந்திருக்கும். கொடுத்த அளவே கொள்ளும் இவ்வுறவு அடிமைத்தனமா?

2003-இல் இலாசு ஏஞ்சலீசு மாவட்ட ஆட்சியினர், இச்சொற்களைத் தவிர்க்குமாறு கருவி வழங்குவோரைக் கேட்டுக்கொண்டனர். அண்மை ஆண்டுகளில் திறந்த வன்பொருள் இயக்கத்தாரும் இவற்றைக் கைவிட்டு வருகின்றனர். ஆங்கிலத்தாரே துப்பத் தொடங்கிய எச்சிலை நாம் கையேந்தி வாங்குவதா?

துடிப்பு விடுப்பது தலைக்கருவி. முறை பெற்று இயங்குவது கிளைக்கருவி. தலை ஒன்று, கிளை பல. முறை வந்த கிளையே பேசும். உழவன் தந்த சொற்கள் சில்லுக்கும் பொருந்துகின்றன!

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வகுத்த 'சக்தி' செயலி 2018-இல் சில்லாக உருப்பெற்றது. சில்லு வகுக்கும் அறிவு இம்மண்ணில் உண்டு. பெயர் வகுக்கும் துணிவே வேண்டுவது. ஆசிரியப் பெருமக்காள்! கரும்பலகையினின்று அடிமையைத் துடைத்திடுக; கிளையை எழுதிடுக!