கண்மாய்க் கரையில் ஒரு கற்பனை நாடு

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். எதிரே வருவது என்ன என்று கதைசொல்லி சொல்ல, தங்கள் ஆள் என்ன செய்வான் என்று மற்றவர்கள் சொல்ல, முடிவு தெரியாத இடத்தில் பகடை உருள, கதை வாரக்கணக்கில் நீள்கிறது. இந்த ஆட்டத்தை கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-இல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரில் அச்சிட்டார்கள். அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் மறு ஆண்டே ‘எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்’ என்ற இன்னொன்றையும் கொண்டுவந்தது. டெக்குமெல் என்ற கற்பனை உலகில் நடக்கும் ஆட்டம் அது. கொஞ்ச காலம் பேசப்பட்டு ஓரமாக ஒதுங்கிப்போனதை, பழைய ஆட்டங்களைத் தேடிப் பிடித்து ஆடுகிறவர்கள் இப்போது மீண்டும் கையில் எடுக்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வாசகருக்கு இதனால் என்ன என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது என்பது என் கருத்து. டெக்குமெல் எழுதப்பட்ட முறையை உற்றுப் பார்த்தால், அதே முறையில் எழுதத் தகுந்த நிலம் குண்டாற்றுப் படுகையில் கிடக்கிறது என்பது புரியும். அந்த உலகத்தைத் தமிழில், இந்த வட்டாரத்துக்காரர்களே எழுத வேண்டும்.

டெக்குமெல்லை உருவாக்கிய எம்.ஏ.ஆர். பார்க்கர் மொழியியல் பேராசிரியர். 1951-இல் ஆய்வுக்காக இந்தியா வந்து, இஸ்லாத்தைத் தழுவியவர். அமெரிக்கப் பழங்குடிகளின் கிளமாத் மொழிக்கு அகராதியும் இலக்கணமும் எழுதினார். உருது கற்பதற்குப் பாடநூல் எழுதினார். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசியப் படிப்புகளைக் கற்பித்தார். மேலைநாட்டுக் கற்பனை உலகங்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் கோட்டையையும் குதிரைவீரனையும் சுற்றி வந்த காலத்தில், இந்தியா, எகிப்து, மாயா நாகரிகம் ஆகியவற்றின் சாயலில் ஒரு பேரரசைக் கட்டினார். அதற்கென மொழியும் எழுத்தும் குலமுறையும் உண்டு. ஆனால் அந்த உலகத்துக்கு உயிர் கொடுப்பது இந்தப் பகட்டெல்லாம் இல்லை. டெக்குமெல்லில் இரும்பு அரிது; குதிரையே கிடையாது. இந்த இரண்டு இல்லாமைகளிலிருந்து மற்றவை எல்லாம் கிளைக்கின்றன. இரும்பு இல்லாததால் க்ளென் என்ற விலங்கின் தோலை உரித்து, பதப்படுத்தி, உலோகம்போல் இறுக்கிக் கவசமும் வாளும் செய்கிறார்கள். குதிரை இல்லாததால் ஊருக்கு ஊர் நடைதான். அதற்காக மதில்போல் உயர்ந்த நெடுஞ்சாலைகள், அவற்றில் மூன்று அடுக்கு, எந்த அடுக்கில் யார் நடக்கலாம் என்பதற்குத் தனிக் கட்டுப்பாடு. ஒரு பொருளின் பஞ்சம் எப்படித் தொழிலாக, சாலையாக, உயர்வு தாழ்வாக மாறுகிறது என்பதைக் கடைசிவரை யோசித்திருக்கிறார் பார்க்கர். அரைநூற்றாண்டு கழித்தும் அந்த உலகத்துக்குள் ஆட்கள் நுழைய விரும்புவது அதனால்தான்.

இந்தக் கண்ணோடு திருச்சுழியைப் பாருங்கள். விருதுநகர் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். குண்டாற்றில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான் ஊருக்கு ஊர் கண்மாய், ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்ததற்கு. மேட்டுக் கரிசலில் பருத்தி, மல்லி, குதிரைவாலி என்று மானாவாரி. கண்மாய்ப் பாசனத்தில் நெல். இந்த ஏற்பாட்டின் மையத்தில் நிற்பவர் நீர்க்கட்டி. மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் என்று முறை வைப்பதும், மழைக் காலத்தில் ராத்திரி முழுக்கக் கரையில் உடைப்புப் பார்ப்பதும் அவர் வேலை. கூலி அறுவடைக் களத்தில் நெல்லாக வரும். எல்லோரும் அளப்பதால் அவர் யார் பக்கமும் சாயக் கூடாது. பல ஊர்களில் இந்த வேலை தலித் குடும்பங்களின் வழிவழிப் பொறுப்பு. ஊர்த் தண்ணீரையே பங்கிடுகிறவருக்குப் பாசனத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாமலும் இருக்கலாம். தை பிறந்துவிட்டது, கண்மாயில் முழங்கால் தண்ணீர், மேல்மடை நெல் கதிர் வாங்கும் பருவம், கீழ்மடைக்கு இன்னும் இரண்டு நனைப்பு வேண்டும், இருப்பதோ ஒன்றுக்குத்தான். இதைச் சொல்லி முடித்ததும் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வாளும் வேண்டாம், பூதமும் வேண்டாம்.

வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. இந்த வறண்ட ஊரின் தலபுராணம் ஒரு பெருவெள்ளத்தின் கதை. ஊழிக்காலத்து வெள்ளம் எழுந்து வர, சிவன் சூலத்தால் நிலத்தைக் குத்தித் துளைக்க, அத்தனை நீரும் சுழித்துக்கொண்டு பூமிக்குள் இறங்கியது என்பது திருமேனிநாதர் கோயில் சொல்லும் வரலாறு. மழைக்கு ஏங்கும் நாட்டின் அடியில் அடைத்து வைத்த கடல் ஒன்று கிடக்கிறது என்ற இந்த ஒரு கற்பனைக்கு ஈடாக எந்த நாட்டு ஆட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

நாம் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள். அப்படி எழுதினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் 1977-ஆம் ஆண்டு அரக்கர் தொகுப்பில் ராட்சசன் இடம்பெற்றான். புலித்தலை வைத்திருந்தான். மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டாலே சாவான் என்று விதி. ராமாயணத்தில் அப்படி ஒரு விதி இல்லை. 1974-இல் ஒளிபரப்பான ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் திகில் தொடரிலிருந்து வந்த சமாச்சாரம் அது. 1980-இல் வந்த தெய்வங்கள் தொகுப்பு இந்திரனுக்கும் காளிக்கும் எத்தனை அடி பட்டால் வீழ்வார்கள் என்று எண் போட்டது. இதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் சொல்லவில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குத் தலையும் ஆயுதமும் தெரியும். மடையும் முறையும் தெரியாது. 2022-இல் அதே ஆட்டத்துக்கு வந்த ‘ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடெல்’ தொகுப்பில் வங்காளத்தின் சாயல்கொண்ட ஒரு கதைக்களத்தை மிமி மண்டல் எழுதினார். அந்த மண்ணிலிருந்து வந்த எழுத்தாளர் என்பதால், ஆறும் வெள்ளமும் அங்கே கதையையே நடத்துகின்றன. வங்காளத்து ஆற்றுக்கு அது வாய்த்தது. குண்டாற்றுக்கும் வாய்க்க வேண்டும்.

இதற்கு இலக்கியம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கரிசலுக்கு எழுத்தாளர்கள் குறைவில்லை. கி. ராஜநாராயணன் 1982-இல் வெளியிட்ட வட்டார வழக்குச் சொல்லகராதியைப் புரட்டுகிறவர் ஒரு நாட்டுக்குள்ளேயே நடந்து வருவார். விதைப்பும் விருந்தும் வசவும் எல்லாம் அதில் இருக்கின்றன. நா. வானமாமலை 1970-களில் பதிப்பித்த முத்துப்பட்டன் கதை, ஐவர் ராசாக்கள் கதை போன்ற கதைப்பாடல்கள் தென்பாண்டி நாட்டின் பகையையும் காதலையும் ஆவியையும் மொத்தமாக வைத்திருக்கின்றன. இவற்றுக்கு மாற்றாக எதையும் நான் முன்வைக்கவில்லை. படிக்கிறவன் முடிந்துபோன முடிவைப் படிக்கிறான். ஆடுகிறவன் தானே முடிவெடுத்து அதன் விளைவோடு இருக்க வேண்டியவன் ஆகிறான். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் கோயில்கொண்டிருக்கும் நல்லதங்காளின் கதையை எடுத்துக்கொள்வோம். பஞ்சத்துக்கு அண்ணன் வீடு தேடி வந்தவள், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள் என்று கேட்டு அழுகிறோம். ஆட்டத்தில் அந்த ஊரின் இன்னொரு வீட்டுக்காரராக ஒருவர் இருக்கிறார். அவள் தெருவில் நடந்து போவதைப் பார்க்கிறார். கதவைத் திறப்பாரா? பஞ்சக் காலத்தில் அவர் வீட்டுக் குலுக்கையில் எவ்வளவு தானியம்? இந்தக் கேள்வியை அழுகை நம்மிடம் கேட்பதில்லை.

சாமி விஷயம்தான் கடினமான ஆட்சேபம். அய்யனாரும் கருப்பசாமியும் இன்றும் பொங்கல் வாங்குகிற தெய்வங்கள். அவர்களைக் காய் நகர்த்துவதுபோல் நகர்த்தலாமா? கூடாது. காளிக்கு எண் போட்ட புத்தகம் செய்த தவறு அதுதான். ஆனால் தெய்வத்தை வேடமாகக் கட்டுவது நமக்குப் புதிதல்ல. கூத்தில் நூற்றாண்டுகளாக நடக்கிறது, பக்தி குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. எழுதப்போகும் உலகத்தில் தெய்வம் பகடைக்கு வெளியே இருக்கட்டும். கண்மாய்க் கரையில் குதிரைமேல் அமர்ந்த அய்யனார் கண் திறந்திருக்கிறார் என்பது அங்கே மழையைப் போல, நிலத்தைப் போல ஓர் உண்மை. ஆடுகிறவர்கள் மனிதர்கள்: நீர்க்கட்டி, கோடாங்கி, ஆட்டுக்கிடை போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகும் கீதாரி, அருப்புக்கோட்டைத் தறிக்கு நூல் கொண்டுபோகிறவர், சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். நேர்ந்த கடனை நிறைவேற்றாதவருக்கு என்ன நேரும் என்பது ஊருக்கே தெரிந்த விதி. அதை ஆட்ட விதியாக எழுத இந்த ஊர்க்காரரால் மட்டுமே முடியும்.

இதைவிடப் பெரிய ஆட்சேபத்தை பார்க்கரின் வாழ்க்கையே எழுப்புகிறது. அவர் 2012-இல் இறந்தார். 1991-இல் புனைபெயரில் வெளியான ‘சர்ப்பென்ட்ஸ் வாக்’ என்ற நாஜி ஆதரவு நாவலை எழுதியவர் அவர்தான் என்பதை, டெக்குமெல்லின் உரிமையைப் பாதுகாக்கும் அறக்கட்டளையே 2022-இல் ஒப்புக்கொண்டது. பல பண்பாடுகளை இவ்வளவு நேசத்தோடு கற்றவர் அப்படி எழுதினார் என்பது எளிதில் செரிக்கும் செய்தி இல்லை. அடிமைகளும் குலப் படிநிலையும் மூன்றடுக்குச் சாலையும் கொண்ட அந்த உலகத்தை இனி அந்தச் செய்தியை ஒதுக்கிவைத்துவிட்டு ஆட முடியாது. நமக்கு இதில் நேரான எச்சரிக்கை இருக்கிறது. கரிசல் உலகத்தை எழுதினால் சாதியையும் எழுத வேண்டிவரும். அதை அழகான குலமரபாக மினுக்கி எழுதுவது பொய். இல்லவே இல்லை என்று துடைத்துவிடுவதும் பொய். முத்துப்பட்டன் கதையில் பிராமணன் ஒருவன் சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவரை மணக்கிறான். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று பின்னால் ஒரு பாடம் சேர்ந்தது. கதையைத் திருத்தியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பது தெளிவு. ஆகவே ஒரே ஆள் எழுதும் உலகமாக இது இருக்கக் கூடாது. நீர்க்கட்டியின் பகுதியை நீர்க்கட்டிக் குடும்பத்தில் பிறந்தவர் எழுத வேண்டும். மேல்மடைக்காரர் வீட்டுப் பிள்ளை அந்தப் பாத்திரத்தை ஏற்று ஒரு மாதம் ஆட வேண்டும். ஊர்க்கூட்டத்தில் நின்றுகொண்டே பேசுவது எப்படி இருக்கும் என்பதை அங்கே கொஞ்சமாவது உணர்வார். அது போதாது என்பதும் எனக்குத் தெரியும். எதுவுமே இல்லாமல் இருப்பதற்கு அது மேல்.

பிள்ளைகள் கைபேசியில் மூழ்கிக் கிடக்க, இதை யார் ஆடுவார்கள் என்ற கேள்விக்கும் டெக்குமெல்லே பதில் வைத்திருக்கிறது. அந்த ஆட்டம் ஒருபோதும் பெரிய அளவில் விற்றதில்லை. மினியாபொலிஸில் பார்க்கரின் வீட்டில் வியாழக்கிழமை இரவுகளில் கூடிய சிறிய குழுவும், அதைப் போன்ற சில குழுக்களும்தான் அதைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றின. அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவபானு சத்திரியக் கல்லூரியும் இருக்கின்றன. அவற்றின் மாணவர்களில் பலருக்குக் கண்மாயும் கரிசலும் வீட்டு வாசலிலேயே தொடங்குகின்றன. ஒரு வகுப்பு, ஆளுக்கொரு கண்மாய் என்று எடுத்துக்கொண்டு, எந்த மடை எந்த வயலுக்கு, கரையில் எந்தச் சாமி, எந்த வருஷம் உடைந்தது, உடைந்த அன்று யார் என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதினால் உலகத்தின் பாதி தயார். பகடைக்குச் சோழி போதும். ஆறு சோழிகளைக் குலுக்கிப் போட்டால் ஆறும் நிமிர்வது அபூர்வம், மூன்றோ நாலோ நிமிர்வது வாடிக்கை. ஒவ்வொரு சோழிக்கும் ஒரு சாய்மானம் உண்டு என்பதால் கணக்கு முழுக்கப் பிடிபடாது. மழையை நம்பி வாழும் நாட்டுக்கு, எல்லா எண்ணும் சமமாக விழும் இருபது முகப் பகடையைவிட இது பொருத்தம். அச்சுக்குப் பணம் வேண்டுமே என்று தயங்க வேண்டியதில்லை. டி.எஸ்.ஆர். பளபளவென்று அச்சிடுவதற்கு முன், 1974-இல் பார்க்கர் தன் ஆட்டத்தை உருட்டச்சில் எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தது ஐம்பது பிரதி அளவில்தான்.