டால் ஃபேஸா, பஞ்ச் ஃபேஸா? பூனை வாங்கும் முன் சிந்திக்க வேண்டியவை



வீட்டில் ஒரு செல்லப்பிராணி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஷிட்ஸு, லாஸா அப்ஸோ போன்ற சிறு நாய்களின் காணொளிகளைக் காட்டிக் கேட்கும் பிள்ளைகளும் உண்டு. நாய் விஷயத்தில் மார்க்கத்தின் வரையறை நம் குடும்பங்கள் அறிந்ததே. வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் ஆகிய தேவைகளுக்கு அனுமதி உண்டு. தேவையின்றி வைத்திருப்பவரின் நன்மை நாள்தோறும் குறையும் என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே பேச்சு பூனையின் பக்கம் திரும்புகிறது. பூனை என்றதும் பெர்ஷியன் பூனை நினைவுக்கு வருகிறது. கடைக்குப் போனால் விற்பவர் இரண்டு கூண்டுகளைக் காட்டுகிறார்: ஒன்று ‘டால் ஃபேஸ்’, மற்றொன்று ‘பஞ்ச் ஃபேஸ்’. இரண்டில் எதை வாங்குவது என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள்.

பஞ்ச் ஃபேஸ் பூனையை விலை கொடுத்து வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. டால் ஃபேஸ் வாங்குவதாயின் சிலவற்றை விசாரித்த பின்னரே வாங்குங்கள். இரண்டையும்விட நம் தெருவில் பிறந்த நாட்டுப் பூனைக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிடுவது சிறந்தது. காரணங்களைச் சொல்கிறேன்.

இரண்டும் பெர்ஷியன் இனமே. நீண்ட ரோமம், குட்டைக் கால்கள், அமைதியான சுபாவம் ஆகியவை இரண்டிற்கும் பொது. வேறுபாடு முகத்தில் இருக்கிறது. டால் ஃபேஸ் பூனைக்கு மூக்கு சற்றேனும் வெளியே நீண்டிருக்கும். பஞ்ச் ஃபேஸ் பூனைக்கோ மூக்கு இரு கண்களுக்கு நடுவே உள்ளே அழுந்தி, முகம் தட்டையாக இருக்கும். பார்ப்பவருக்கு அது வேடிக்கை. அந்தப் பிராணிக்கு அதுவே வேதனை. மூக்குத் துவாரம் குறுகியிருப்பதால் மூச்சு விடச் சிரமம். கண்ணீர் வடியும் குழாய் வளைந்து அடைபடுவதால் கண்களில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். கண்குழி ஆழமின்றி இருப்பதால் கருவிழியில் புண் உண்டாகும். தாடை ஒழுங்காகப் பொருந்தாததால் பற்கள் நெருக்கியடித்து வளர்ந்து, உணவைக் கவ்வுவதும் கடினமாகும். குட்டியின் தலை அமைப்பால் பிரசவம் சிக்கலாவதும் உண்டு. இத்தனைக்கும் மேலாக, கத்திரி வெயிலில் வேலூரிலும் திருச்சியிலும் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களை எண்ணிப் பாருங்கள். அடர்ந்த ரோமத்தோடும் அடைபட்ட மூக்கோடும் அந்த உயிர் அந்த நாட்களைக் கழிக்க வேண்டியிருக்கிறது.

இது அல்லாஹ் அந்த இனத்திற்கு இயல்பாகக் கொடுத்த உருவம் என்று எண்ணிவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் படங்களில் பெர்ஷியன் பூனைகளுக்கு மூக்கு நன்றாகவே தெரிகிறது. இருபதாம் நூற்றாண்டில், கண்காட்சிப் பரிசுக்காகவும் சந்தை மதிப்புக்காகவும், முகம் குட்டையான பூனைகளையே தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இனச்சேர்க்கை செய்து, மனிதர்கள் உருவாக்கிய முகம் இது. பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பே, மூக்கின் மேல்விளிம்பு கண்ணின் கீழ்விளிம்பைவிட உயரத்தில் இருந்தால் அதைக் குறையாகக் கருதிப் பரிசை நிறுத்திவைக்கச் சொல்கிறது. இந்த ஓர் அளவை நினைவில் வைத்துக்கொண்டால், எது எல்லை மீறிய முகம் என்பதைக் கடையிலேயே கண்டுகொள்ளலாம்.

முகத்தில் சூடிடப்பட்ட ஒரு கழுதையைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பிராணியின் முகத்தில் அடிப்பதையும் அவர்கள் தடுத்தார்கள். அடையாளத்திற்காக இடும் ஒரு சூட்டிற்கே இத்தனை கண்டனம் என்றால், நம் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஓர் உயிரின் முகத்தையே, பிறக்கும் முன்னரே, மூச்சுத் திணறும்படி ஆக்கும் தொழிலுக்கு நம் பணத்தைக் கொடுக்கலாமா? நான் இங்கே ஃபத்வா கூறவில்லை. ஓர் இறைநம்பிக்கையாளரின் உள்ளம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

“அது ஏற்கெனவே பிறந்துவிட்டதே, நாம் வாங்கி அன்பாக வளர்த்தால் நன்மைதானே?” என்று சிலர் கேட்கிறார்கள். அந்த இரக்கத்தை மதிக்கிறேன். ஆனால் விற்பவரின் கணக்கு வேறு. ஒரு குட்டி விற்றால் அடுத்த ஈற்றுக்கு அவர் தாய்ப்பூனையை ஆயத்தம் செய்கிறார். கைவிடப்பட்ட பஞ்ச் ஃபேஸ் பூனை ஒன்றை விலையின்றி ஏற்று வளர்ப்பவருக்கும், ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவருக்கும் என் மறுப்பு பொருந்தாது. அவர்களிடம் இருப்பது ஓர் அமானிதம். தினமும் கண்களையும் முகமடிப்பையும் துடைத்து, வெயில் நாட்களில் குளிர்ந்த இடம் கொடுத்து, மூச்சிரைத்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்வது அவர்களின் கடமை.

அப்படியானால் டால் ஃபேஸ் குறையற்றதா? இல்லை. பெர்ஷியன் இனம் முழுவதிலுமே சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் ஒரு பரம்பரை நோய் பரவலாக இருக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு அந்த மரபணுக் குறை இருந்தாலே, பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. குட்டிப் பருவத்தில் வெளியே எதுவும் தெரியாது. பெரும்பாலும் நடுவயதில்தான் பூனை மெலியத் தொடங்கும். 2004-இல் இந்த மரபணுக் குறை கண்டறியப்பட்டது. அதன்பின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்தே சோதித்துவிட முடிகிறது. எனவே தாய்ப்பூனையைக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோர் பூனைகளின் சோதனை முடிவைக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். தினமும் ரோமம் சீவிவிட வீட்டில் யாருக்கு நேரம் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். சீவாத ரோமம் சிக்காகித் தோலை இழுத்துப் புண்ணாக்கும்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. பூனையின் கிரயத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதன் வெளிப்படையான கருத்தைக் கொண்டு பூனை விற்பனையே கூடாது என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. இப்னுல் கையிம் (ரஹ்) அவர்களும் அவர்களுள் ஒருவர். பெரும்பான்மை உலமாக்கள் விற்பனை கூடும் என்கிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இந்தக் கண்டனத்தை ஹராம் என்ற அளவில் கொள்ளவில்லை. மக்கள் பூனையை அன்பளிப்பாகவும் இரவலாகவும் தாராளமாகக் கொடுத்துப் பழக வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருக்கலாம் என்று விளக்குகிறார்கள். எவ்வளவு அழகான விளக்கம்! வாங்கியவரைப் பாவி என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் கருத்து வேறுபாட்டிற்கே இடமில்லாத வழி ஒன்று இருக்கும்போது, பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வேறு வழியைத் தேட வேண்டிய அவசியம் என்ன?

அந்த வழிதான் நாட்டுப் பூனை. நம் வெயிலுக்குப் பழகிய உடல், தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் குட்டை ரோமம், மூச்சு விடத் தடையில்லாத மூக்கு. நம் வீடுகளில் நெத்திலித் தலைக்குக் காத்திருந்த பூனைகள் எல்லாம் அவைதாம். அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்த தண்ணீரை ஒரு பூனை குடிக்க வந்தபோது, அது எளிதாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்ற நபிமொழியையும் எடுத்துரைத்தார்கள். நம் பிள்ளைகள் கற்க வேண்டிய பாடம் அந்தப் பாத்திரத்தைச் சாய்த்த கையில் இருக்கிறது. அதற்கு உயர்ந்த இனப் பூனை தேவையில்லை.

எந்தப் பூனையைக் கொண்டுவந்தாலும், அதைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியை மறந்துவிட வேண்டாம். தடுப்பூசி, தண்ணீர், உணவு, நிழல் ஆகியவற்றை உறுதி செய்த பிறகே பிள்ளையின் கையில் குட்டியைக் கொடுங்கள். வாயற்ற ஜீவன்களிடம் இரக்கம் காட்டும் உள்ளத்தை நமக்கும் நம் சந்ததிக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.